கன்று இலவசம், காத்திருப்பு யார் செலவு?

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது என்ற இலக்கோடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. அப்போது மாநிலத்தில் காடும் மரமும் சேர்ந்து இருந்த பரப்பு ஏறத்தாழ 24 சதவீதம். எஞ்சிய 9 சதவீதம் என்பது கிட்டத்தட்ட 12 லட்சம் ஹெக்டேர். இவ்வளவு நிலம் எங்கே இருக்கிறது? காப்புக்காடுகளின் எல்லை இனிப் பெரிதாக விரியப்போவதில்லை. சாலையோரம், ஏரிக்கரை, கோயில் நிலம், பள்ளி வளாகம் என எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் ஒரு சிறு பங்குதான் தேறும். மீதி அத்தனையும் தனியார் பட்டா நிலத்தில்தான் வளர்ந்தாக வேண்டும். ஆக, இந்த இலக்கு எட்டப்படுமா இல்லையா என்பது, தன் மானாவாரிக் காட்டில் மரம் வைக்கலாமா என்று யோசிக்கும் உழவரின் கையில் இருக்கிறது. அவருக்கு அரசு இன்று தாராளமாகத் தருவது மரக்கன்று. அவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு இரண்டு: மரம் வளரும்வரை காத்திருக்க ஒரு கைத்தாங்கல், வளர்ந்த மரத்தைத் தன் விருப்பப்படி வெட்டி விற்கும் உரிமைக்கு ஓர் உறுதி. இந்த இரண்டையும் கொடுக்காமல் கன்றுகளை எத்தனை கோடி வழங்கினாலும், அவை நடவுக் கணக்கில் ஏறுமே தவிர நிலத்தில் மரமாக நிற்காது.

இப்போது நடைமுறையில் இருக்கும் உதவிகளை முதலில் பார்க்கலாம். வேளாண் காடு வளர்ப்புக்கென்று தனிக் கொள்கையை 2014இல் அறிவித்தது இந்தியா. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு நாம்தான். அதைத் தொடர்ந்து 2016-17இல் 'வரப்புதோறும் மரம்' என்ற முழக்கத்துடன் மத்திய அரசு ஒரு துணை இயக்கத்தைத் தொடங்கியது. மரம் வெட்டவும் கொண்டுசெல்லவும் உள்ள கட்டுப்பாடுகளைத் தளர்த்திய மாநிலங்களுக்குத்தான் நிதி என்பது அதன் நிபந்தனை. உழவருக்கான உதவித்தொகையை ஒரே தவணையில் தராமல் நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது அதன் சிறப்பு. பின்னர் இத்திட்டம் தேசிய வேளாண் வளர்ச்சித் திட்டத்துக்குள் இணைக்கப்பட்டது. இணைப்புக்குப் பிறகு தரமான நாற்றும் நாற்றங்காலும்தான் அதன் முதன்மை நோக்கமாகின. தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கத்தை அறிவித்தது. வரப்பில் நட ஏக்கருக்கு 50 கன்றுகள், வயல் முழுக்க நட ஏக்கருக்கு 160 கன்றுகள் இலவசம். நட்டவற்றில் உயிரோடு இருக்கும் கன்று ஒன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு ஊக்கத்தொகை. பிழைத்து நிற்கும் கன்றுக்குத் தொகை என்ற இந்தக் கொள்கையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், தொகையின் அளவு அந்தக் கொள்கைக்கு நியாயம் செய்கிறதா என்பதுதான் கேள்வி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு நட்ட 160 கன்றுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்குக் கிடைப்பது 1,120 ரூபாய். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கூலியில்கூட நான்கு ஆள் வேலைக்கு இந்தத் தொகை காணாது. முதல் இரண்டு கோடையில் ஒவ்வொரு கன்றுக்கும் தண்ணீர் ஊற்றுவது, வெள்ளாடு கடிக்காமல் அடைப்பது, பக்கக்கிளை கழிப்பது, காய்ந்த புல்லில் தீ பரவாமல் ஓரம் செதுக்குவது என வேலைகள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்து மாநிலமான கர்நாடகம் இதே நோக்கத்துக்காக 2011-12இல் தொடங்கிய திட்டத்தில், பிழைத்த கன்று ஒன்றுக்கு மூன்று ஆண்டுகளில் 100 ரூபாய் கொடுத்தது. பின்னர் அதை 125 ரூபாயாக உயர்த்தியது. முதல் ஆண்டு முடிவில் 35, அடுத்து 40, மூன்றாம் ஆண்டில் 50 என்று ஆண்டுக்கு ஆண்டு தொகை கூடிக்கொண்டே போகும்படி அங்கே அமைத்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டுவரை கைவிடாமல் பார்த்துக்கொண்டவருக்கே பெரும் பங்கு போய்ச் சேரும். இங்கே மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு கன்றுக்கு 21 ரூபாய். கன்று கொடுப்பதில் நாம் சளைத்தவர்கள் அல்ல. கன்றைக் காப்பவருக்குக் கொடுப்பதில்தான் கர்நாடகத்தின் ஆறில் ஒரு பங்கில் நிற்கிறோம்.

மரம் வளர்ப்பில் பெரிய செலவு நடவு அல்ல, காலம். சவுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். மலைவேம்பு ஆறு, எட்டு ஆண்டுகளில் ஒட்டுப்பலகைக்கும் தீக்குச்சிக்கும் ஆகும். தேக்கு என்றால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள். வேங்கைக்கும் மருதுக்கும் அதைவிடக் கூடுதலான பொறுமை வேண்டும். தமிழ்நாட்டில் உழவர்கள் எதை விரும்பி நட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே இந்த உண்மை விளங்கும். கரூர் மாவட்டம் புகளூரில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், உழவர்களோடு ஒப்பந்தம் செய்து நாற்றுக் கொடுத்து, விளைந்த மரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் முறையை இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறது. மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியும் கோவை வன மரபியல் நிறுவனமும் உயர் விளைச்சல் தரும் ரகங்களை உருவாக்கித் தந்தன. காத்திருப்பு குறைவு, வாங்க ஆள் நிச்சயம், வெட்டுவதற்குத் தடை இல்லை. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்தில் சவுக்கும் தைலமரமும் பெருகின. நாட்டு மரங்களுக்கு இம்மூன்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. ஆகவே இலவசமாகப் புங்கனும் நாவலும் வேங்கையும் கொடுத்தாலும், கணக்குத் தெரிந்த உழவர் அவற்றை வரப்பு மூலையில் ஊன்றிவிட்டு, வயலில் சவுக்கையே நடுகிறார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தை விலை கொடுக்காத ஒன்றை அவர் மட்டும் தன் செலவில் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

காத்திருக்கும் காலத்தில் வரும் இழப்பும் முழுக்க அவர் தலையில்தான் விழுகிறது. 2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயலில் கடலூர் மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் சவுக்கும் சாய்ந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை, தஞ்சை, நாகை மாவட்டங்களில் தென்னையோடு தேக்கையும் பலாவையும் முறித்துப் போட்டது. நெல்லுக்கும் உளுந்துக்கும் பயிர்க் காப்பீடு இருக்கிறது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்புக்குள் வெட்டுமரங்கள் வருவதில்லை. ஒரு போகம் போனால் அடுத்த போகத்தில் எழுந்துவிடலாம். பதினெட்டு ஆண்டு வளர்ந்த மரம் விழுந்தால் அந்தப் பதினெட்டு ஆண்டுகளைத் திரும்பப் பெற வழியே இல்லை. இவ்வளவு நீண்ட இடர்ப்பாட்டைச் சுமப்பவருக்குக் காப்பீடும் இல்லாமல், மரத்தை ஈடாக வைத்துக் கடன் பெறும் வழியும் எளிதாக இல்லாமல் இருப்பது, மரம் வைக்காதே என்று சொல்லாமல் சொல்வதற்குச் சமம்.

அடுத்தது வெட்டும் உரிமை. தேக்கு போன்ற மரங்களை வெட்டிக் கொண்டுபோக நினைப்பவர் சிட்டா, அடங்கல், புல வரைபடம் ஆகியவற்றுடன் கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் வாங்கி, வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஆய்வுக்குக் காத்திருந்து, கட்டைகளுக்கு முத்திரையும் வாகனத்துக்கு அனுமதிச் சீட்டும் பெற வேண்டும். சந்தனமரத்தின் உரிமை நிலத்துக்காரருக்கு என்று 2002இல் சட்டம் திருத்தப்பட்டும், அதை வெட்டுவதும் கொண்டுபோவதும் வனத்துறை வழியாகத்தான். மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம். ஈட்டி மரத்துக்கு 1994இல் தனிச் சட்டம் வந்தது. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்துக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரத்தை வெட்ட மட்டுமல்ல, நிலத்தை விற்கவும்கூட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். காடழிப்பைத் தடுக்கும் நல்ல நோக்கத்தில் பிறந்த சட்டங்கள்தாம் இவை. மலைச்சரிவில் இன்றைக்கும் அவை தேவை. ஆனால் சமவெளியில் தானே நட்டு, தானே நீர் ஊற்றி வளர்த்த ஒருவருக்கு இந்த நடைமுறை சுமையாக இறங்குகிறது. இதற்கு அலையும் வலுவில்லாத சிறு உழவர், மரத்தை நிற்கும் நிலையிலேயே வியாபாரியிடம் மொத்தமாகப் பேசி விட்டுவிடுகிறார். அனுமதி வாங்கும் சிரமத்தையும் செலவையும் வியாபாரி விலையில் கழித்துக்கொள்கிறார். கட்டுப்பாட்டின் செலவு கடைசியில் வளர்த்தவரின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

இதற்குப் பின்னால் ஓர் ஆழமான அச்சமும் இருக்கிறது. 1971இல் கேரளம் கொண்டுவந்த சட்டம் மலபாரின் தனியார் காடுகளை இழப்பீடு இல்லாமல் அரசுடைமையாக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கூடலூரில் ஜென்மம் என்ற பழைய உடைமை முறையில் இருந்த நிலங்களை அரசு எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. அதன் வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன. கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, நிலம் யாருடையதாக இருந்தாலும் காட்டின் இயல்பு கொண்டதெல்லாம் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் என்றது. அந்த ஆணை எத்தனையோ காடுகளைக் காப்பாற்றியது. அதன் அவசியத்தை மறுப்பதற்கில்லை. எனினும் மரம் அடர்ந்தால் நிலத்தின் மீதான உரிமை சுருங்கும் என்ற பாடத்தையும் நிலத்துக்காரர்கள் அதிலிருந்து படித்துக்கொண்டார்கள். காடுபோல் ஆகிவிடாமல் நிலத்தை வெறுமையாக வைத்திருப்பதே பாதுகாப்பு என்று ஒருவர் முடிவெடுத்தால், அந்த முடிவை மாற்ற இலவசக் கன்றால் ஆகாது. நட்ட நாளிலேயே 'இது உன் மரம், நீ வெட்டலாம்' என்று எழுத்தில் தரும் உறுதியால்தான் ஆகும்.

நடுவதற்கு மட்டும் உதவி என்ற அணுகுமுறையின் குறை பளிச்சென்று தெரியும் இடம் கொங்கு நாட்டின் கொறங்காடு. திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதியில், காங்கேயம் மாடுகளின் மேய்ச்சலுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தனியார் காத்துவரும் நிலம் இது. சுற்றிலும் கிளுவைப் போத்துகளை நெருக்கி நட்டு வளர்த்த உயிர்வேலி. உள்ளே வெள்வேல மரங்கள். அவற்றின் அடியில் கொழுக்கட்டைப் புல். மழை பெய்ததும் புல் தளிர்க்கும்; கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய் உதிர்ந்து கால்நடைக்குத் தீவனமாகும். உழவில்லை, உரமில்லை, பாசனமில்லை. மண் அரிப்பும் இல்லை. மரமும் புல்லும் மாடும் சேர்ந்த இந்த ஏற்பாட்டை வேளாண் காடு வளர்ப்பின் நல்ல மாதிரி என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். ஆனால் புதிதாக நடுவோருக்கு மட்டுமே கதவு திறக்கும் திட்டங்களில், ஏற்கெனவே மரம் நிற்கும் நிலத்துக்கு என்ன கிடைக்கும்? வெள்வேலத்தை வெட்டிவிட்டு வேறு கன்று நட்டால் ஊக்கத்தொகைக்கு மனுப்போடலாம். வெட்டாமல் காத்தால் ஒன்றுமில்லை. இதற்கிடையே வீட்டுமனைக்கும் சூரிய மின் பண்ணைக்கும் விலை பேசுகிறார்கள். கொறங்காடு ஒவ்வொன்றாகக் கைமாறுவதில் வியப்பில்லை.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாள்கின்றன? இங்கிலாந்தில் தனியார் நிலத்தில் காடு உருவாக்க 2021இல் தொடங்கிய திட்டம், நடவுச் செலவோடு பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பராமரிப்புத் தொகை தருகிறது. ஆற்றோரம் நிழல் தந்தாலோ, வெள்ளத்தைத் தணித்தாலோ, பொதுமக்கள் நடக்க வழிவிட்டாலோ அதற்குத் தனியே தொகை உண்டு. மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்கா 1996இல் இயற்றிய வனச் சட்டத்தின்படி, எரிபொருள் மீதான வரியில் ஒரு பங்கை ஒதுக்கி, காட்டைக் காக்கும் நிலத்துக்காரர்களுக்கு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் கொடுத்துவருகிறது. 1980களில் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ கால் பங்காகச் சுருங்கிய காடு, இன்று பாதிக்கும் மேலாக விரிந்திருக்கிறது. இந்த மீட்சி முழுவதும் தொகையால் வந்ததல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே சட்டம் காட்டை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடைசெய்தது. மாட்டிறைச்சித் தொழிலின் லாபமும் அக்காலத்தில் குறைந்திருந்தது. அப்படியானால் தொகைக்கு என்ன பங்கு? தடைச் சட்டத்தை நிலத்துக்காரர்கள் ஏற்றுக்கொள்ளும்படி செய்தது அதுதான். காக்கச் சொல்லும் அரசு காப்பதற்குக் கூலியும் தருகிறது என்ற நிலை வந்தபோது, தடை தண்டனையாகத் தோன்றவில்லை. நாம் தடையை மட்டும் வைத்துக்கொண்டு கூலியை மறந்துவிட்டோம்.

அந்தக் கூலியை இங்கும் தரலாம் என்றால், மரத்தை விற்று லாபம் பார்ப்பவருக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு என்பது முதல் ஆட்சேபம். நியாயமான கேள்விதான், இதற்கான பதிலில்தான் திட்டத்தின் வடிவமும் இருக்கிறது. கட்டைக்குச் சந்தை விலை கொடுக்கிறது. மண்ணில் நீர் இறங்குவதற்கும், காற்றில் கரி குறைவதற்கும், தேனீயும் பறவையும் தங்குவதற்கும் சந்தை ஒரு காசும் கொடுப்பதில்லை. அவற்றின் பயன் ஊருக்கு, செலவு ஒருவருக்கு. ஆகவே நான்கு ஆண்டில் ஆலைக்குப் போகும் சவுக்குக்குப் பராமரிப்பு மானியம் தேவையில்லை. அதற்குக் கடனும் நியாயமான கொள்முதல் விலையும் போதும். இருபது ஆண்டு நிற்கும் நாட்டு மரத்துக்கும், கொறங்காட்டுக்கும், ஆற்றங்கரை மரத்தொகுதிக்கும்தான் பொதுப்பணம் போக வேண்டும். இப்படிப் பிரித்தால் செலவும் கட்டுக்குள் நிற்கும்.

விளைநிலம் மரக்காடாகிவிட்டால் சோற்றுக்கு எங்கே போவது என்பது இரண்டாவது கேள்வி. தண்ணீர் பாயும் நன்செயில் மரம் நட மானியம் தரக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தமிழ்நாட்டில் சாகுபடியாகாமல் தரிசாகக் கிடக்கும் நிலம் மட்டும் 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல். ஆள் கிடைக்காமலும் மழை பொய்த்தும் கைவிடப்பட்ட மானாவாரி அது. பெரும்பகுதியில் சீமைக் கருவேலம் படர்ந்திருக்கிறது. மரத்துக்கும் சோற்றுக்கும் அங்கே போட்டியே இல்லை. பெரிய நிலக்காரர்களும் வெளியூர் முதலீட்டாளர்களுமே பலனை அள்ளுவார்கள் என்ற ஐயத்துக்கும் விடை உண்டு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர்வரைதான் என்று உச்சவரம்பு வைத்தால் தொகை தானாகவே சிறு உழவரிடம் போய்ச் சேரும்.

மூன்றாவது ஆட்சேபம் மிகக் கனமானது. வெட்டும் விதிகளைத் தளர்த்தினால் காப்புக்காட்டு மரமும் பட்டா நிலத்து மரம் என்ற பெயரில் வெளியேறும் என்று வனத்துறையினர் அஞ்சுகிறார்கள். அனுபவத்தில் விளைந்த அச்சம் இது, தள்ளிவிட முடியாது. சந்தனம், செம்மரம், ஈட்டி ஆகியவற்றுக்கும் மலைப்பகுதிகளுக்கும் இப்போதுள்ள கண்காணிப்பு தொடரட்டும். சமவெளியின் மற்ற மரங்களுக்கு, வெட்டும்போது விசாரிப்பதைவிட நடும்போதே பதிவு செய்வது மேலான பாதுகாப்பு. எந்தப் புல எண்ணில், எந்த ஆண்டு, எத்தனை மரம் என்று படத்தோடு பதிவாகியிருந்தால், அந்தக் கணக்கில் இல்லாத ஒரு கட்டை வண்டியில் ஏறும்போதே பிடிபடும். வேளாண் நிலத்து மரங்களை வெட்டுவதற்கு மத்திய அரசு 2025 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி விதிகளும் இந்த வழியைத்தான் சொல்கின்றன. பதிவேடு நமக்குப் புதிதும் அல்ல. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று பசலிதோறும் அடங்கலில் எழுதுகிறார் கிராம நிர்வாக அலுவலர். புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கத் தனிநபருக்கு 2சி பட்டா கொடுக்கும் வழக்கமும் வருவாய்த் துறையில் உண்டு. நிலத்திலிருந்து பிரித்து மரத்தை மட்டும் ஒரு உடைமையாக எழுதத் தெரிந்த நிர்வாகம், உழவர் தம் பட்டாவில் நட்ட மரத்தையும் அப்படி எழுதித் தரலாம்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. 21 ரூபாய் ஊக்கத்தொகையைக் குறைந்தது கர்நாடகத்தின் அளவுக்கு உயர்த்த வேண்டும். நாட்டு மரங்களுக்கு அதைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்க வேண்டும். கொறங்காடு போல ஏற்கெனவே நிற்கும் தனியார் மரநிலத்துக்கு ஏக்கர் கணக்கில் காப்புத்தொகை தர வேண்டும். நடும் நாளில் அடங்கலில் ஏறும் மரத்துக்கு, வெட்டும் நாளில் வேறு அனுமதி கேட்கக் கூடாது. அந்தப் பதிவையே ஈடாக ஏற்றுக் கூட்டுறவு வங்கிகள் கடன் தர வேண்டும். புயல் காப்பீட்டுக்கும் அதுவே ஆவணமாகட்டும். பணத்துக்கு எங்கே போவது என்றால், ஆண்டுதோறும் புதிய கன்றுகளுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை, போன ஆண்டு நட்டவற்றைக் காப்பதற்கு மாற்றினாலே தொடக்கம் கிடைத்துவிடும். இந்த ஆண்டு எத்தனை கன்று கொடுத்தோம் என்பது இனி சாதனைப் பட்டியலில் இடம்பெற வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்தவற்றில் எத்தனை நிற்கின்றன என்று மாவட்டவாரியாக ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் அரசு சொல்லட்டும். அந்த ஒரு எண்ணைச் சொல்லும் கடமை வந்துவிட்டால், உதவித்தொகை எங்கே போக வேண்டும் என்பதைத் துறைகளே கண்டுகொள்ளும்.